ஆம்புலன்ஸுக்கு டீசல்

ஆப்பிரிக்க ஏழை நாடு ஒன்றின் அரசு மருத்துவமனைகளைச் சீர்திருத்த, நிதி கொடுக்கும் வெளிநாட்டு அமைப்பினர் துபாயின் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் கூட்டம் போட்டார்கள். அரசு நிதித்துறையிலிருந்து ஓய்வுபெற்று, அதே துபாயின் அல் குசைஸ் பகுதியில் மகன் வீட்டில் இருக்கும் என்னையும் ஆலோசகராக அழைத்திருந்தார்கள்.

அந்நாட்டிலிருந்து வந்த பெண் மருத்துவர் கேட்டது ஒன்றுதான். “ஆம்புலன்ஸ் நிற்கிறது, டீசல் இல்லை. பிரசவ வலியோடு நடந்து வரும் பெண்கள் வழியிலேயே சாகிறார்கள்.”

கூட்டத்தை நடத்திய நம்மூர் ரமேஷ் என் காதில் சொன்னான். “டீசலுக்கெல்லாம் ஃபண்ட் தர மாட்டாங்க அங்கிள். புது ஆம்புலன்ஸ் கேட்டா தருவாங்க. டிரெய்னிங்னா வாரிக் கொடுப்பாங்க.”

இந்த வித்தை எனக்குத் தெரியாததா? “அப்ப ஓட்டுநர் பயிற்சின்னு எழுதுப்பா. நோயாளியை ஏத்திட்டுப் போறது செய்முறை வகுப்பு. டீசல் பயிற்சிப் பொருள்.”

காபி ஆறுவதற்குள் கைதட்டி நிறைவேற்றினார்கள்.

மருத்துவரிடம் விளக்கினேன். “எங்கள் டிரைவர் மற்றவர்களுக்கே கற்றுக்கொடுப்பவர்” என்றார்.

“இனி அவர் மாணவர். ஓய்வுபெறும்வரை தேறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “பிரசவ அறைக்கு மின்சாரம் வேண்டும். அதற்கு என்ன பயிற்சி என்று எழுதலாம்?” என்று பேனாவைத் திறந்தார்.

பதவியில் இருந்தவரை இதைச் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன். பெண்கள் பிழைக்க வேண்டுமென்றால், நல்ல மருத்துவர் ஒருவர் என்னைப் போலப் பொய் எழுதப் பழக வேண்டியிருந்தது. உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.