நத்தையின் பூர்வீகம்

நூம்பல் தசரதனுக்கு மிச்சமிருந்த சொத்து வாய் ஒன்றுதான். பாட்டன் நிலத்தை ஃப்ளாட் கட்ட விற்றார். அந்தப் பணத்தில் லாரி வாங்கி மண் அடித்தார், பிறகு லாரியையும் விற்றார். "நாங்க இந்த ஊரு பூர்வீகம்" என்ற பேச்சை மட்டும் விற்கவில்லை. கேட்டுக் கேட்டு அவர் மனைவி தாட்சாயிணிக்குக் காது புளித்துவிட்டது. பூர்வீகமா உலை வைத்தது? அவள் வீட்டுக்குப் பின்னால் கீரை போட்டு, காலையில் ஃப்ளாட் கேட்டில் விற்றுத்தான் சோறு வெந்தது.

போன மழைக்கு அந்தக் கீரையில் நத்தை விழுந்தது. கையகல ஆப்பிரிக்க நத்தை, தண்டைக்கூட விடவில்லை. துப்பறியும் புலி தசரதன் உடனே கண்டுபிடித்துவிட்டார்: ஃப்ளாட்காரர்களின் பூந்தொட்டியில் வந்ததாம். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட் முன்னால் நின்று, வந்தேறிகள் வந்தேறி நத்தையைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று கத்தினார். ஃப்ளாட் செயலாளர் கிரணுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் தசரதனிடம் மோதத் தைரியமில்லை, தாட்சாயிணியைக் கேட் பக்கம் விடாதே என்று வாட்ச்மேனிடம் சொன்னார். பெரிய வீரர்தான்!

அந்த ஃப்ளாட்டில் குடியிருந்த அகல்யா, பூச்சி நத்தை என்று ஆராய்ச்சி செய்கிறவள். மரபணுவைப் பார்த்தால் எந்த நத்தை எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிடும் என்றாள். தசரதன் குதித்தார். பாருடி, இவனுங்க குட்டு உடையட்டும் என்று தானே நத்தை பிடித்துக் கொடுத்தார். யார் குட்டு உடைந்தால் தாட்சாயிணிக்கு என்ன? நத்தை தின்றது போக மிச்சமிருக்கிற ஒரு பாத்தியும் போவதற்குள் கேட் திறந்தால் போதும்.

பரிசோதனை முடிவு வந்த அன்று விடியும்போது அந்தப் பாத்தியும் மொட்டையாகிக் கிடந்தது.

ஃப்ளாட்டின் கார் நிறுத்துமிடத்தில் எல்லாரையும் கூட்டி அகல்யா சொன்னாள். பூந்தொட்டி வாங்கிய நர்சரியின் நத்தைகள் வேறு குடும்பம். நூம்பல், சேக்காடு, முத்தாபுதுப்பேட்டை என்று சுற்றுவட்டார நத்தைகள் எல்லாம் ஒரே குடும்பம். திருவள்ளூர் தாண்டி பள்ளம் தூர்க்க மண் வெட்டும் ஒரு சவுடு குவாரியில் இருப்பதும் அதேதான். நத்தை அவ்வளவு தூரம் நடக்காது, முட்டை மண்ணோடு லாரியில் வந்திருக்கும்.

எந்த லாரி என்று அவளுக்குத் தெரியாது. தாட்சாயிணிக்குத் தெரியும். சேக்காட்டுப் பள்ளத்தைத் தூர்த்தது, முத்தாபுதுப்பேட்டை மனைகளை மேடாக்கியது, இதே ஃப்ளாட்டுக்கு மண் கொட்டியது, மிச்சத்தைத் தன் வீட்டுக்குப் பின்னால் தட்டிவிட்டுப் போனது எல்லாம் ஒரே லாரி.

தசரதன் தொண்டையைச் செருமினார். அந்தக் குவாரிக்காரன் எந்த ஊர்க்காரன் என்று விசாரிக்கணும் என்றார். அட வெட்கங்கெட்ட மனுஷா!

"அவன் எந்த ஊரா வேணா இருக்கட்டும். மண்ணு அடிச்ச லாரி யாருது? உன்துதானேய்யா?" என்று கேட்டாள் தாட்சாயிணி.

தசரதன் மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டார். கிரண் பெரிய மனசு பண்ணி, நாளையிலிருந்து தாராளமாகக் கேட்டில் வந்து விற்கலாம் என்றார்.

தாட்சாயிணி அவரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"இன்னாத்த சார் விக்கிறது? நத்தையையா?"