தலைவர்கள் கூட்டாத படிக்கட்டு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஸ்டுட்கார்ட்டுக்கு அகதியாக வந்து, கோப்பை கழுவி, கடைசியில் ஒரு பல்கலைக்கழக விருந்தினர் விடுதிக்கே ஹவுஸ்மைஸ்டர் ஆனேன். கட்டடம் முழுவதும் என் பொறுப்பு. அறைக்கதவுத் திறப்பைத் தொலைத்த பேராசிரியரும் என் கதவில்தான் வந்து தட்டவேண்டும். அத்தனை படிப்பும் அந்த நேரத்தில் குளிரில் நிற்கும்.

யூரோ வந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். ஆபிரிக்க நாடுகளிலிருந்து எட்டு இளம் அதிகாரிகளைப் பல்கலைக்கழகம் எட்டு வாரத்துக்கு வரவழைத்தது. தலைமைத்துவப் பயிற்சியாம். என்னைத் தலைவனாக்க யாரும் எட்டு நிமிடம்கூடச் செலவழித்ததில்லை. நானாகத்தான் ஆனேன்.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ‘கேர்வோகே’ என்று ஒரு சின்னப் பலகை. ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு கதவில் தொங்கும். யார் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் படிக்கட்டைக் கூட்டித் துடைப்பது அவர் வேலை. அதட்டுவதற்கு ஆள் கிடையாது, பலகை மட்டும்தான். விடுதியிலும் அதே சட்டம். முதல் நாளே எட்டுப் பேருக்கும் விளக்கினேன். எல்லோரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

முதலில் பலகை அந்த எட்டுப் பேரில் ஒரு வங்கி மேலாளரின் கதவில் தொங்கியது. வெள்ளிக்கிழமை வரை படியில் கிடந்த தூசி அப்படியே கிடந்தது. கழுத்துப்பட்டி கட்டிய மனிதர், அதிலும் விருந்தாளி. அவர் கையில் கூட்டுகிற தும்புத்தடியைக் கொடுக்க என் யாழ்ப்பாணத்து மனம் இடம் தரவில்லை. சனிக்கிழமை விடியப்புறம், அவர்கள் எழும்ப முன்னர் நானே கூட்டித் துடைத்துவிட்டேன். காலைச் சாப்பாட்டின்போது மற்றவர்கள் அவரைப் பாராட்டினார்கள். தலைவரல்லவா, மறுக்கவில்லை. இப்படியே ஏழு சனிக்கிழமை, ஏழு பாராட்டு. அந்தப் படியில் முகம் பார்த்துத் தலை வாரியிருக்கலாம்.

எட்டாவது வாரத்துக்குரியவள் கானாவிலிருந்து வந்த பெண். தன் நகரத்துச் சந்தைக்குப் பொறுப்பான அதிகாரி. அந்தச் சந்தையை யார் கூட்டுவது என்று தினமும் சண்டையாம். அவள் கொப்பியோடு என் அறைக்கு வந்தாள். ஆங்கிலமும் ஜெர்மனுமாகப் பேசியதை என் தமிழில் தருகிறேன்.

“அங்கிள், ஏழு கிழமையும் ஒருத்தரும் சொல்லாமலே படி சுத்தமா இருக்கு. பலகை மட்டும் போதுமோ?”

“ஓம்” என்றேன். வேறென்ன சொல்ல?

“அப்ப இதைத்தான் எங்கடை சந்தைக்குக் கொண்டுபோகப்போறன். பயிற்சி முடியிற திங்கட்கிழமை அறிக்கையா எல்லாருக்கும் முன்னாலை வாசிச்சுப்போட்டு நகரசபைக்கு அனுப்புவன். பிழைச்சுதெண்டால் என்ரை கதிரையிலை வேற ஆளை இருத்திப்போடுவினம். ஏற்கெனவே ஒருத்தர் அந்தக் கதிரையைத் துடைச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறார்.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

“இஞ்சருங்கோ, ஊர் முழுக்கப் பெருமை பேசுறியள். பேசவேண்டிய இடத்திலை மட்டும் வாயிலை கொழுக்கட்டையோ?” என்றாள். “இஞ்சை ஒரு நாளாவது தும்புத்தடி பிடிச்சிருப்பியளே? ஏழு கிழமையா அந்தத் துடைக்கிற துணியைத் தோய்ச்சவள் நான். அதையும் அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ.”

சொல்லிவிடுவது என்றுதான் சனிக்கிழமை விடியப்புறம் போனேன். போகும்போது பழக்கதோஷத்தில் வாளியையும் தும்புத்தடியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். படிக்கட்டின் நடுவில் அவள். கையில் தும்புத்தடி, பாதிப் படி கூட்டியாயிற்று. என்னைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏழு கிழமையுமோ, அங்கிள்?”

“ஏழும்.”

“ஏன் செய்தனீங்கள்?”

“நீங்கள் விருந்தாளிகளெல்லே.”

“என்ரை வேலை போயிருக்கும்” என்றாள். கோபமா, சிரிப்பா என்று தெரியவில்லை. மிச்சப் படியைக் கூட்ட நான் கைநீட்டினேன். தும்புத்தடியைத் தரவில்லை.

திங்கட்கிழமை என்னைப் பின்வரிசையில் இருத்திவிட்டு வாசித்தாள். முழுக்கப் புதிதாக எழுதியிருந்தாள். “ஏழு வாரம் பலகை தொங்கியது. ஏழு பேர் பாராட்டை வாங்கினார்கள். கூட்டியவர் ஒருவர். யார் கூட்டுகிறார் என்று நான் உட்பட எவரும் கேட்கவில்லை. என் சந்தையும் யாரோ கூட்டுவதால்தான் இவ்வளவாவது இருக்கிறது. நான் போய் முதலில் அவர்களைத் தேடவேண்டும். பலகை அதற்குப் பிறகு.”

வங்கி மேலாளர் தன் சப்பாத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்தப் பலகையைப் பற்றி முதல் வாரமே பெருமையாக வகுப்பெடுத்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கைதட்டல். யாரும் அழைக்கவில்லை, ஆனாலும் எழுந்து மந்திரி மாதிரிக் கும்பிட்டேன். துணி தோய்த்தவளைப் பற்றி அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கைதட்டல் சத்தத்தில் மறந்துபோயிற்று. வீட்டில் அது மறக்கப்படவில்லை.

வருடப்பிறப்புக்கு அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. சந்தை நடுவில் அவள், இரண்டு பக்கமும் வயதான பெண்கள் இருவர், நகரசபைச் சட்டையோடு. பின்பக்கத்தில் எழுதியிருந்தாள்: “அங்கிள், கண்டுபிடித்துவிட்டேன். இப்போது இவர்களுக்குச் சம்பளம் உண்டு. என் கதிரையும் இருக்கிறது.”

அடுத்த குழு வந்தபோது விடுதிச் சட்டத்தில் ஒரு புதிய வரி அச்சாகியிருந்தது: விருந்தினருக்குப் பதிலாக ஹவுஸ்மைஸ்டர் படிக்கட்டைக் கூட்டக்கூடாது. தனக்கென்றே தனிச் சட்டம் அச்சடிக்க வைத்த ஹவுஸ்மைஸ்டர் இந்த ஊரில் வேறு யாரும் இருந்தால் காட்டுங்கள். முதல் இரண்டு வாரமும் படி பார்க்கச் சகிக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏறி இறங்கினேன். என் வாழ்நாளில் நான் செய்த ஆகக் கஷ்டமான வேலை அதுதான்.