மாட்டுவண்டி இல்லாத படங்கள்

மலேசியாவில் ஜொகூருக்கு வந்த பிறகு என் பெட்டியில் முதலில் தீர்ந்து போகிற வண்ணம் வெள்ளை. ஊரில் இருந்தவரை நீலம்தான் முதலில் காலியாகும். விளாத்திகுளம் பக்கத்து வானத்துக்கு வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் மேகத்தோடு பேச்சுவார்த்தையே கிடையாது. இங்கேயோ காலையில் ஆவி, மத்தியானம் மழைமேகம், சில மாதங்களில் புகைமூட்டம். வானம் பெரும்பாலும் கஞ்சி நிறத்தில்தான் இருக்கிறது. வந்த புதிதில் இதை நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. நாங்கள் குடியிருக்கும் தம்போயில், வீட்டு மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து வரைவேன். எதிரே வெள்ளை வானம் நிற்கும், கை தன்பாட்டுக்கு நீலத்தை அள்ளிப் பூசும். நிழல்களையும் ஊர் வெயிலில் விழுவது போலக் கறாராக வெட்டி வைப்பேன். விளாத்திகுளத்தில் யாரோ தெரியாத்தனமாகப் பாமாயில் எடுக்கும் செம்பனையை நட்டுவிட்டது போல இருக்கும் அந்தப் படங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் கண்களுக்கு இந்தக் கோளாறு தெளிய நாளாகும்.

தெளிந்த பிறகு வெள்ளையாக வாங்கிக் குவித்தேன். கடைக்காரச் சீன அம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "ஆன்ட்டி, அகேய்ன் வொயிட்? பெயிண்ட் ஹவுஸ் ஆ?" என்று கேட்டார். நான் மேலே கையைக் காட்டி, இதற்குத்தான் என்றேன். அவரும் மேலே பார்த்தார். சீலிங்குக்கு இந்தச் சின்ன டியூப் எப்படிப் பத்தும், பக்கத்து ஹார்ட்வேர் கடையில் வாளியாகவே கிடைக்குமே என்று அக்கறையாகச் சொல்லி அனுப்பினார். எனக்கும் விளக்கிச் சொல்லப் பொறுமை இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

நான் தீட்டுவது குவாஷ் வண்ணம். நம் பள்ளிக்கூடத்துப் போஸ்டர் கலருக்குப் படித்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்டர் கலர் போல உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்காது. மேலே பூசினால் அடியில் உள்ளதை மூடிவிடும். என் படங்கள் எல்லாம் உள்ளங்கை அளவுதான். லாலான் புல் மண்டிய காலி மனை, மழைக்குப் பிறகு பெருத்து ஓடும் சாக்கடை, நெடுஞ்சாலை ஓரத்துச் செம்பனை, தெப்ராவ் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் தேங்கிய குட்டை. என் கணவர் அங்கே ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். அவரை ஒட்டி வந்த என் விசாவில் நான் வேலை செய்யக்கூடாது என்று இருக்கிறது. வரையக்கூடாது என்று எங்கும் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா பழக்கமானதும் படங்களால்தான். இங்கத்து ஈரத்தில் வண்ணம் சீக்கிரம் காயாது, அதனால் முடி உலர்த்தும் மெஷினை வைத்துக் காய வைப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டுக் கேட்டு, ஒருநாள் வேலியோரம் வந்து நின்று, "கனி, ஒரு நாளைக்கு எத்தன வாட்டிதான் தல குளிப்பே? சளி புடிச்சிக்கும் லா" என்றார். உள்ளே கூப்பிட்டுப் படங்களைக் காட்டினேன். அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். சாஆ என்ற ஊர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, தொழிற்சாலை வேலைக்கு இங்கே வந்து, ஓய்வும் பெற்றுவிட்டவர். எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கத்தில் எந்த விசேஷம் என்றாலும் சமையல் அவர் தலைமையில்தான். பார்த்துவிட்டுச் சும்மா இராமல் சங்கச் செயலாளர் மணியம் சாரிடம் சொல்லியும் விட்டார். பொங்கல் விழாவுக்கு மண்டபத்தில் ஒரு சுவரை எனக்கு ஒதுக்குவதாக அவர் போன் செய்தார்.

அந்தச் சுவர் எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். என் படம் அதுவரை எந்தச் சுவரிலும் தொங்கியதில்லை, என் வீட்டுச் சுவர் உட்பட. வாடகை வீடு, ஆணி அடிக்கக்கூடாது. உள்ளூர்த் தமிழர்களுக்கு நான் ஊரிலிருந்து வந்தவள், ஊர்க்காரர்களுக்கு மலேசியாவில் இருப்பவள். இங்கேயும் ஒருத்தி உட்கார்ந்து பார்த்திருக்கிறாள் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசை எனக்கு வெறியாகவே இருந்தது.

படங்களை எடுத்துக்கொண்டு போனேன். மணியம் சார் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"என்னாம்மா இது, எல்லாம் நம்ம ரோட்டோரமாவே இருக்கு? இத பாக்க யாரும்மா வருவாங்க? நீங்க இண்டியாலேர்ந்து வந்தவங்க. பச்சப் பசேல்னு வயல், தென்ன மரம், மாட்டு வண்டி, அப்படிப் போடுங்க. நம்ம பிள்ளைங்களுக்கும் தாத்தா ஊரு எப்படி இருந்துச்சின்னு தெரியும்ல."

"எங்க ஊர்ல வயலே கெடையாது சார்" என்றேன். "கம்பு, மொளகா, பருத்தி. அதுவும் மழ பேஞ்சாத்தான். மத்தபடி சீமைக் கருவேலம்."

"சும்மா சொல்லாதீங்க. படத்துலல்லாம் நாங்க பாக்குறோம்ல."

சினிமாவில் காட்டும் தமிழ்நாட்டை எதிர்த்து நான் சாட்சி சொல்லி ஜெயிக்க முடியுமா? ஒரே ஒரு மாட்டுவண்டியாவது வேண்டும், இல்லையென்றால் சுவர் கிடையாது என்றார். அப்படியானால் சுவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வெளியே வந்ததும் அழுகை முட்டியது, அது வேறு.

இந்த மாட்டுவண்டியோடு எனக்குப் பழைய பகை உண்டு. உங்களுக்கும் நினைவிருக்கும்: இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே வளைந்து வருகிற ஆறு, கரையில் குடிசை, ஒரு தென்னை, பக்கத்தில் ஒரு மாட்டுவண்டி. தமிழ்நாட்டில் இயற்கைக் காட்சி வரை என்றால் எந்த ஊர்ப் பிள்ளையும் இதைத்தான் வரையும். நாங்களும் வரைந்தோம். எங்கள் ஊரிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் முக்கோண மலையும் வராது, தண்ணீர் ததும்பும் ஆறும் வராது. ஏழாம் வகுப்பில் நான் ஒருநாள் கம்மாய்க் கரையில் நிற்கும் கருவேலத்தையும் வெடித்துக் கிடக்கும் கரிசலையும் வரைந்து கொடுத்தேன். டிராயிங் சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன முள்ளுக்காடு? இயற்கை எங்க?" என்றார். மலை போட்டால் மார்க் தருவேன் என்றார். நான் போடவில்லை. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அம்மா அன்றும் திட்டினாள், இன்றும் போனில் திட்டுகிறாள். ஆனால் கண்ணுக்கு முன்னால் நிற்பதை விட்டுவிட்டு இல்லாத மலையை ஏன் வரைய வேண்டும் என்ற கேள்விக்கு இதுவரை எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

லெட்சுமி அக்கா எனக்குப் பரிந்து பேசுவார் என்று நினைத்துப் போனேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். பிறகு, "மணியம் சொன்னதுல தப்பில்ல கனி" என்றார். "அந்தச் செம்பனையைப் போயி என்னத்துக்கு வரையிற? எங்கம்மா குனிஞ்சி பழம் பொறுக்கியே முதுகு போச்சி. மழ, பாம்பு, முள்ளு. அதுலேர்ந்து தப்பிச்சி டவுனுக்கு வந்தா, நீ அத சட்டம் போட்டு மாட்டுறேங்கிற. உனக்கு அது காட்சி. எங்களுக்கு அது வேலை."

சுருக்கென்று தைத்தது. ஆனாலும் தூரிகையைக் கீழே வைக்க மனம் வரவில்லை. பருத்தி எடுத்து விரல் கிழிந்தவள்தான் என் அம்மாவும். அதற்காகப் பருத்திச் செடியை நான் பார்க்காமல் இருந்ததில்லை. இதை அக்காவிடமே சொன்னேன். அவர் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தார். "சரி, சனிக்கெழம சாஆவுக்குத் தம்பி வீட்டுக்குப் போறேன். நீயும் வா. வந்து பாத்துட்டுப் பேசு" என்றார்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். சாஆ போகிற வழியில் இக்கரை, அக்கரை எல்லாமே ஒரே பச்சை. அக்காவின் தம்பி எங்களைப் பழைய தோட்டத்து மண்பாதையில் இறக்கிவிட்டு, ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொல்லிப் போனார். மண் செக்கச் செவேல் என்று ஈரமாக இருந்தது. இருபுறமும் செம்பனை வரிசை, மட்டை வெட்டிய தழும்புகளில் பெரணிச் செடி தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு கட்டையில் உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

மோட்டார் சைக்கிளில் ஒரு மலாய் மேற்பார்வையாளர் வந்து நின்றார். என் கையில் இருந்த அட்டையையும் நான் ஒரு கண்ணை மூடிக் குச்சியை நீட்டி அளவு பார்ப்பதையும் கவனித்துவிட்டு, "காக், உக்கூர் தானா கெ?" என்றார். நிலம் அளக்க வந்தீர்களா என்று கேட்கிறார். இங்கே வீடு கட்டப் போகிறார்களா, மரத்தை எப்போது வெட்டுவார்கள், எங்கள் வேலை என்னாகும் என்று அடுத்தடுத்துக் கேட்டார். என் மலாய் அவ்வளவு தூரம் ஓடாது. அக்காதான் இல்லை இல்லை, படம் வரைகிறாள் என்று விளக்கினார். அவர் படத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். பூகூட இல்லாத மரத்தைப் போய் வரைவானேன் என்று அக்காவிடம் கேட்டுவிட்டு, நம்பிக்கை இல்லாமலே கிளம்பிப் போனார்.

அக்கா பாதையை விட்டு இறங்கி மரங்களுக்கு நடுவே ஓர் இடத்தில் போய் நின்றார். "இங்கதான் எங்க லயன் வீடு. இந்தப் பக்கம் தண்ணிப் பைப்பு. அங்க கோயிலு" என்றார். தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய அந்த வீடுகளைத் தேடி நான் பார்த்த திசையில் மரத்துக்குப் பின்னால் மரம்தான் இருந்தது. ஓர் ஓட்டுச் சில்லுகூடத் தென்படவில்லை. திரும்பி வந்து என் படத்தைக் குனிந்து பார்த்தார்.

"வீட்டப் போடு கனி."

"இல்லையே அக்கா."

"இருந்துச்சில்ல. நாந்தான் சொல்றேன்ல."

"நான் பாக்கலையேக்கா. பாக்காதத நான் போட மாட்டேன்."

மணியம் சாரின் மாட்டுவண்டியை மறுத்த அதே காரணம். அக்காவின் வீட்டுக்கு அதையே சொல்ல நாக்கு கூசியது, ஆனாலும் சொன்னேன். சாஆவிலிருந்து தம்போய் வரும்வரை அக்கா என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் பல நாள் வேலியோரம் வரவில்லை.

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மணியம் சார் அழைத்தார். ஒரு சுவரில் வேறு எதையோ வைக்க இருந்தவர்கள் கைவிட்டுவிட்டார்களாம். "சரி, உங்க படத்தையே கொண்டாங்க. ஆனா மேடப் பக்கம் எடமில்ல, சாப்பாட்டுப் பக்கம்தான்." சாப்பாட்டுப் பக்கம் என்றால் கை கழுவும் குழாய்களுக்குப் பக்கத்துச் சுவர். எந்தச் சுவராக இருந்தால் என்ன என்று நான் போய்ப் படங்களை மாட்டினேன். கண்ணாடி போடவில்லை, போட்டால் மண்டபத்து விளக்குதான் தெரியும், படம் தெரியாது. மேடையை ஒட்டி யாரோ துணியில் அச்சடித்த பெரிய வயலும் மாட்டுவண்டியும் தொங்கின. பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். என் சுவருக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கையை உதறிக்கொண்டே வந்தவர்கள். சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர், "நம்ம ஊர் படம் ஒண்ணுகூட இல்லையா மேடம்?" என்றார். இல்லை என்றேன்.

சமையல் முடிந்து லெட்சுமி அக்கா பாத்திரம் அலம்பிய கையோடு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராகச் சாஆ படத்துக்கு முன்னால் போய் நின்றார். "இங்கதான்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு மரங்களுக்கு நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

குவாஷ் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் இளகிவிடும். விரலை எடுத்தபோது பச்சை அதோடு வந்துவிட்டது. அந்த இடத்தில் கறுப்பு தெரிந்தது.

"அலமாக், கெடுத்துட்டனே" என்றார் அக்கா. பிறகு குனிந்து உற்றுப் பார்த்தார். "எங்க மண்ணு செவப்புல்ல. இது என்ன அடியில கறுப்பா?"

எந்தப் படத்துக்கும் முதலில் தாள் முழுக்கக் கரிசல் நிறத்தில் ஒரு பூச்சு பூசிக் காயவைத்துவிட்டுத்தான் மேலே வரைவேன் என்று சொன்னேன். வெள்ளைத் தாளில் எனக்குக் கை ஓடாது. அடிப்பூச்சு கரைந்து மேல் வண்ணத்தைக் கலக்கிவிடும், அப்படிச் செய்யக்கூடாது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் கேட்டதில்லை. ஒரே இழுப்பில் போட்டுத் தப்பித்துக்கொள்வேன்.

"எல்லாப் படத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தான்க்கா."

"அப்ப எங்க தோட்டத்துக்குக் கீழ உங்க ஊரா" என்றார். அவர் கட்டைவிரலில் பச்சையும் கறுப்பும் ஒட்டியிருந்தன. கழுவப் போகவில்லை.

அதற்குள் மணியம் சார் வந்துவிட்டார். கெட்டுப்போன படத்தை எடுத்துவிடலாம், பார்க்க நன்றாக இருக்காது என்றார். எடுக்க வேண்டாம் என்றேன். கையை நீட்டினார். நான் குறுக்கே நின்றேன். இந்தச் சுவரை எனக்குக் கொடுத்தாகிவிட்டது, விழா முடியும்வரை அது என்னுடையது என்று சொன்னேன். சத்தம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது போல. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கமாக இல்லை.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அந்த ஒரு படத்தைத்தான் கேட்டார்கள், மரங்களுக்கு நடுவில் இது என்ன என்று. அது லெட்சுமி அக்கா வீடு என்று சொன்னேன். வீடு ஏன் இப்படிக் கறுப்பாக இருக்கிறது என்றவர்களிடம், எங்கள் ஊர் மண்ணில் கட்டியது, அப்படித்தான் இருக்கும் என்றேன்.