ஏழடுக்கு நல்லசிவம்

எங்கள் ஆபீசில் நல்லசிவம் சாருக்கு ஏழடுக்கு என்று பெயர். வைத்தது ஜெனிஃபர், அதாவது நான். கோல் மார்க்கெட் பக்கம் ஒரு மத்திய அரசு அலுவலகம். அதன் நெட்வொர்க் பிரிவுக்கு அவர் தலைவர், நான் அவருக்குக் கீழே உதவிப் பொறியாளர். திருநெல்வேலியிலிருந்து வந்து முப்பது வருஷம் டெல்லியில் குப்பை கொட்டியவர். இந்தி அரைகுறை, திமிர் மட்டும் முழுசு.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் நடத்தும் பாடம் ஒன்று உண்டு. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி போக ஏழு அடுக்கு. உச்சியில் நாம் பார்க்கும் மெயிலும் வீடியோவும், அடியில் வயரும் கரண்டும். ஒவ்வோர் அடுக்கும் மேலிருந்து வந்ததைப் படித்துப் பார்க்காமல் தன் உறைக்குள் போட்டு, மேலே குறிப்பெழுதிக் கீழே தள்ளும். அந்தப் பக்கம் அதே அடுக்கு உட்கார்ந்து அந்த உறையைப் பிரிக்கும். அதனால் போகிற வழி வயரா வைஃபையா என்று மெயிலுக்குத் தெரிய வேண்டியதில்லை.

இதுவரை நன்றாகத்தான் சொல்வார். ஆனால் அடுக்கு என்றதும் அந்த மனுஷனுக்குப் பதவி ஞாபகம் வந்துவிடும். "ஏழாவது அடுக்கு நம்ம ஜாயின்ட் செக்ரட்டரி மாதிரி. முதல் அடுக்கு பியூன். பியூன் நேரா போயி ஜே.எஸ். கூட பேசலாமா? அதான் விஷயம்" என்பார். எந்த அடுக்கு இல்லாவிட்டாலும் எதுவும் நடக்காது என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

பேச ஆரம்பிக்கும் முன் இயந்திரங்கள் கை குலுக்கிக்கொள்ளும் என்பதும் அவர் பாடத்தில் வரும். கேக்குதா என்று ஒன்று கேட்கும். கேக்குது, நான் சொல்றது உனக்குக் கேக்குதா என்று மற்றது கேட்கும். கேக்குது என்று பதில் போன பிறகுதான் மற்ற சமாசாரம். பதில் வராவிட்டால் திரும்ப அனுப்பும், சில தடவை பார்த்துவிட்டுக் கைவிடும். இதை இவ்வளவு அழகாக விளக்கியவர், நாங்கள் சொன்ன குட்மார்னிங்குக்கு ஒரு நாளும் தலையசைத்ததில்லை. பெருக்க வருகிறவர் நமஸ்தே சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். பிறகு நாங்களும் விட்டுவிட்டோம்.

மார்ச்சில் அவருக்கு ஓய்வு. ஆலோசகர் என்ற பெயரில் இன்னும் இரண்டு வருஷம் அதே நாற்காலியில் உட்கார வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசை என்ன, வெறி. அதைக் கொடுக்க வேண்டியவர் ஜாயின்ட் செக்ரட்டரி மெஹ்ரா. ஜனவரியில் மெஹ்ரா சென்னை, கவுகாத்தி அலுவலகங்களோடு வீடியோவில் பேசுவதாக ஏற்பாடு. அது ஒழுங்காக நடந்தால் பதவி நிச்சயம் என்று நல்லசிவம் புதுக் கோட்டே தைத்துக்கொண்டார்.

அன்று எங்கள் மாடி முழுக்க நெட் இல்லை. மீட்டிங் ஹாலில் திரை கறுப்பாக நின்றது. நெட் வயரெல்லாம் வந்து சேரும் பெட்டி, ஸ்விட்ச் என்போம், அவர் அறையில் இருந்தது. கௌரவத்துக்காக அங்கே வைத்துக்கொண்டது. அவரைக் கேட்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது.

"சார், உங்க ரூம்ல வயர், கரண்ட் ஒரு தடவை பாத்துரட்டுமா?" என்றேன்.

"வயரு முதல் அடுக்கும்மா. அதப் பாக்கதுக்கா நமக்குச் சம்பளம்? மேலேருந்து வருவோம்."

கோளாறு என்றால் அடியிலிருந்து பார்ப்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. அவர் ஏழாவதிலிருந்து ஆரம்பித்தார். வீடியோ மென்பொருள்காரனுக்குப் போன் போட்டு ஆங்கிலத்தில் திட்டினார். நாலாவது அடுக்குக்கு வருவதற்குள் சென்னைக்காரர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள்.

மெஹ்ராவுக்குக் குளிர் தாங்கவில்லை. எங்கேயாவது ஹீட்டர் உண்டா என்றார். நல்லசிவம் பெருமையாகத் தன் அறைக்கு அழைத்துப்போனார். நானும் பின்னால் போனேன். "அச்சா, கமரா தோ கரம் ஹை" என்று அறையின் கதகதப்பை மெச்சி மெஹ்ரா கையைத் தேய்த்துக்கொண்டார். பிறகு போனுக்குச் சார்ஜ் போட இடம் தேடினார். இருந்த ஒரே பாயின்டில் ஹீட்டர். பக்கத்தில் வேறொரு பிளக் தரையில் அனாதையாகக் கிடந்தது.

"யே கிஸ்கா ஹை?" இது எதனுடையது என்று மெஹ்ரா அதைக் காட்டிக் கேட்டார்.

நல்லசிவம் கோட்டுப் பொத்தானைத் திருகினார். "ஸ்விட்ச் கா ஹை, சார்" என்று, அது நெட் பெட்டியின் பிளக் என்பதை நான்தான் சொன்னேன்.

அன்று காலை அட்டெண்டர் வரத் தாமதம். நல்லசிவம் குளிருக்குப் பயந்து ஏதோ ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட்டரைத் தானே மாட்டியிருக்கிறார். முப்பது வருஷத்தில் அவர் தன் கையால் செய்த ஒரே முதல் அடுக்கு வேலை அதுதான்.

மெஹ்ரா தானே குனிந்து பிளக்கை மாற்றிச் சொருகினார். கொஞ்ச நேரத்தில் பெட்டியில் பச்சை விளக்குகள் மினுக்கின.

ஆலோசகர் பதவிக்கு நல்லசிவம் மனு அனுப்பினார். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினார், மறுபடியும் அனுப்பினார். "ஜே.எஸ். ஆபீஸ்லேருந்து ஏதும் வந்துச்சாம்மா?" என்று தினமும் என்னைக் கேட்டார். பதில் வராவிட்டால் கைவிட வேண்டும் என்ற தன் பாடமே அவருக்கு நினைவில்லை.

மார்ச் கடைசியில் சமோசா, மாலை, பிரிவுபசாரம். மெஹ்ரா வரவில்லை. நல்லசிவம் எழுந்து மைக்கைத் தட்டினார்.

"கேக்குதா?"

யாரும் தலையாட்டவில்லை. எல்லோரும் சமோசாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் இழுத்துத் திரும்பவும் கேட்டார். மூன்றாம் தடவை கேட்டபோது குரல் உடைந்தது.

நான் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நன்றாகவே கேட்டது.