வெர்ல் தெளித்த தண்ணீர்

வெர்ல் நெபெக்கரைப் பற்றிக் கெட்டதாக ஒரு சொல் சொல்ல அந்தப் பள்ளத்தாக்கில் ஆள் கிடையாது. அதுதான் பின்னால் அவருக்கே வினையாக முடிந்தது.

அமெரிக்காவில் யூட்டா மலைமேல், பாதி வருஷம் பனி கொட்டுகிற ஊர். அங்கே நீச்சல்குளத்தைச் சுற்றித் தளம் போடுவது விளையாட்டு வேலை இல்லை. பகலில் உருகுகிற தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கும், ராத்திரி உறைந்து ஊதும். ஊதினால் கருங்கல்லே பிளக்கும், கான்கிரீட் எம்மாத்திரம்! மே மாதம் பிறந்தால் போதும், வெடிப்பைக் கொத்து, பழைய தோலைச் சுரண்டு, புதுசாக மேல்பூச்சு பூசு என்று பள்ளத்தாக்கு முழுக்க வெர்லைத்தான் கூப்பிடும். அவரும் தலையில் ஒரு கசங்கிய தொப்பியோடு, முழங்காலில் ரப்பர் அட்டை கட்டிக்கொண்டு, கரணையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நல்ல கைதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அந்தக் கைக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. மலைக்காற்று சண்டாளக் காற்று. பூசி முடிப்பதற்குள் மேலே ஆடை கட்டிவிடும், கரணை ஓடாது. அப்போது வெர்ல் வாளியில் பிரஷை முக்கித் தண்ணீரை விசிறித் தெளிப்பார். பூச்சு உடனே வெண்ணெயாய் வழுக்கும், தேய்க்கத் தேய்க்கப் பளபளக்கும். பார்த்தவர்கள் "ஆகா" என்பார்கள். அந்த ஆகாவில் மயங்காத கொத்தனார் எந்த ஊரில் இருக்கிறான்? தெளித்த தண்ணீர் மேல்தோலை நீர்க்கவைத்துவிடும், இரண்டு குளிர்காலத்துக்கு மேல் அது தாங்காது என்பது அவருக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். "கொஞ்சூண்டுதானே" என்பார்.

ஊர்ப் பொதுக் குளத்துத் தளத்தை அவர் போட்டது இரண்டு வருஷத்துக்கு முந்தின கோடையில். வெந்நீர்க் குளம். பனி கொட்டும்போதும் ஆவி பறக்க ஊரே அதில் கிடக்கும். முன்னோர் யூட்டாவுக்கு வந்து சேர்ந்த நாளைக் கொண்டாடும் ஜூலை இருபத்துநாலு ஊர்வலத்துக்கு முன்பு முடித்தாக வேண்டும் என்று அவசரம், அன்றைக்கென்று பேய்க்காற்று வேறு. கூட வேலை செய்தவர் ஃபெலெட்டி. டோங்கா தீவுக்காரர், ஆள் பீரோ மாதிரி இருப்பார், வாயைத் திறந்தால் அளந்துதான் பேசுவார்.

"பாஸ், தண்ணி வேணாம். நெழலு விழட்டும், அப்புறம் தேய்ச்சுக்கலாம்" என்றார் அவர்.

"நெழலு விழற வரைக்கும் நீ உக்காந்து பாட்டுப் பாடு. எனக்கு வீடு வாசல் இருக்கு" என்றார் வெர்ல்.

ஃபெலெட்டி வடக்குச் சுவரோரத்து நிழலில் தன் பங்கைத் தண்ணீர் படாமல் முடித்தார். மிச்சம் அத்தனையும் வெர்ல் தெளித்துத் தேய்த்தது.

இரண்டாம் குளிர்காலம் முடிவதற்குள் தளம் அப்பளமாய் உரிந்தது. வெறுங்காலோடு நடக்கிற குழந்தைகளுக்குப் பாதம் கிழிந்தது. ஒருநாள் இரும்புச் சாமான் கடையில், நாலு பேர் நிற்கும்போது, பிஷப் பாக்ஸ்டன் வெர்லைப் பிடித்துக்கொண்டார். சபைக்கும் அவர்தான் தலை, குளத்துக் கமிட்டிக்கும் அவர்தான் தலை. சின்ன ஊரென்றால் அப்படித்தான்.

"என்ன பிரதர், உங்க தளம் இப்படிச் சட்டை உரிக்குது? பாம்பு கீம்பு கலந்து பூசினீங்களா?"

நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். வெர்லுக்குக் காது மடல் வரை சிவந்தது. நாக்கு முந்திக்கொண்டது.

"உப்பு பட்டிருக்கும்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார், ஆள் பெயர் சொல்லவில்லை. ஆனால் குளத்தங்கரையில் பனி வழுக்காமல் இருக்க மண் மட்டும்தான் தூவலாம், உப்புப் போடவே கூடாது, உப்பு தளத்தைத் தின்றுவிடும் என்பது ஊரறிந்த சட்டம். தூவுகிறவரோ ஒரே ஒருவர், குளத்தைப் பார்த்துக்கொள்கிற ஆர்டித் லண்ட்க்ரீன். புருஷன் போனபிறகு அந்த அம்மாவுக்குக் குளம்தான் வீடு, குளம்தான் பேச்சுத்துணை. விடியுமுன் கதவைத் திறந்து, கிழடுகளைக் கைபிடித்துத் தண்ணீரில் இறக்கி, யாருக்கு எந்த மூட்டு வலி என்பதுவரை மனப்பாடமாய் வைத்திருப்பவர். மே மாதக் கடைசிக்குள் சாவியை ஒப்படைக்கும்படி கமிட்டி அவரிடம் சொல்லிவிட்டது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

வெர்ல் அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினார். வெட்கம் கெட்ட நாளைக்கு!

மே மாதம் உரிந்த தளத்தைக் கொத்த அவரையே அனுப்பினார்கள். கொத்திக்கொண்டே பம்ப் கொட்டகைக்குப் பின்னால் போனவர் அப்படியே நின்றுவிட்டார். வேலி போட்டு அடைத்த இடம். குளிர்காலத்தில் அங்கே ஈ காக்கை நடக்காது, யாரும் எதையும் தூவவும் மாட்டார்கள். அங்கேயும் தோல் உரிந்து கிடந்தது. ஃபெலெட்டி பூசிய வடக்கு ஓரம் மட்டும் கீறல் இல்லாமல் இருந்தது, அங்கேதான் தினமும் நூறு கால் நடக்கும்.

ஃபெலெட்டியும் பார்த்தார். "பாஸ், சிஸ்டர் பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். வெர்லுக்கு உடம்பு கூசியது.

மத்தியானம் ஆர்டித்தே வந்தார். ஒரு கையில் பீன்ஸும் கறியும் போட்ட சூடான சில்லி, இன்னொரு கையில் லவங்கப்பட்டை பன்.

"சாப்பிடுங்க பிரதர். வெயில்ல கிடக்கீங்க."

"எதுக்கு சிஸ்டர் இதெல்லாம்?"

"என்னாலதானே உங்களுக்கு ரெட்டை வேலை?" என்றார் அந்த அம்மா. பிறகு குரல் தாழ்ந்தது. "உப்பு போடலைன்னுதான் இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன். ஆனா ஜனவரில அந்தச் சின்னப் பொண்ணு வழுக்கி விழுந்தாள்ல, அன்னிக்குப் பதட்டத்துல கைக்கு அகப்பட்டதை அள்ளி வீசினேன். மண்ணுதான். மண்ணுதான்னு நெனைக்கிறேன்."

வெர்ல் பன்னைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? "விடுங்க சிஸ்டர்" என்றார். விடுங்களாம்! இதைச் சொல்ல ஒரு வாய்.

ஜூன் முதல் ஞாயிறு வந்தது. அந்த ஊரில் மாதத்தின் முதல் ஞாயிறு பட்டினி ஞாயிறு. வெறும் வயிற்றோடு சபைக்கு வருவார்கள், மனதில் உள்ளதை யார் வேண்டுமானாலும் எழுந்து போய் மைக்கில் பேசலாம். ஆர்டித் எழுந்தார். சாவியைக் கொடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"உப்பு விஷயத்துல எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா தப்பு என்னோடதாத்தான் இருக்கணும்" என்றார். அழுகை முட்டியது. "பிரதர் வெர்லோட நல்ல வேலை என்னால கெட்டுப்போச்சு. அவர் ஒரு வார்த்தைகூட கடுமையா பேசல. பிரதர், என்னை மன்னிச்சிடுங்க."

பெஞ்சில் இருந்த வெர்லுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. எழுந்து போனார். மைக்கைப் பிடித்தார்.

"சிஸ்டர் மேல தப்பே இல்ல. நான் பூச்சு மேல தண்ணி தெளிச்சேன். அதனாலதான் உரிஞ்சுது. உப்புன்னு நான் சொன்னது பொய்."

பிறகு நடந்ததுதான் கூத்து. முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பிஷப் பாக்ஸ்டன் எழுந்து வந்து அவர் தோளை அணைத்துக்கொண்டார்.

"ஒரு சகோதரிய காப்பாத்த தன் பேரையே கெடுத்துக்கத் துணிஞ்சாரு பாருங்க. இதுதான் மனுஷத்தனம்!"

"இல்ல பிஷப், நெஜமாத்தான்..."

"போதும் பிரதர், போதும். உங்க மனசு எங்களுக்குத் தெரியும்."

உண்மையைச் சொல்லப் போனவர் தியாகியாகத் திரும்பி வந்தார். வாசலில் ஆளாளுக்குக் கைகுலுக்கினார்கள். ஒவ்வொரு குலுக்கலும் அவருக்குச் செருப்படி.

கார் நிறுத்துமிடத்தில் ஆர்டித் மட்டும் கிட்டே வந்தார். கை குலுக்கவில்லை.

"நெஜமா சொன்னீங்களா, இல்ல எனக்காகவா?"

"நெஜம். வாங்க, காட்டறேன். பிஷப், நீங்களும் வாங்க. சாவி எடுத்துக்கோங்க."

ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் டையுமாய்க் குளத்துக்குப் போனார்கள். பின்னாலேயே பாதிச் சபை வந்தது. வெர்ல் வேலியை விலக்கிப் பம்ப் கொட்டகைக்குப் பின்னால் முழங்கால் போட்டார். அங்கே இன்னும் கொத்தாமல் மிச்சமிருந்தது. நகத்தால் நெம்பினார். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கையோடு வந்தது.

"இங்க யாரு உப்பு போடுவா? சொல்லுங்க. கல்லு நல்லாத்தான் இருக்கு, மேல்தோல்தான் செத்துப்போச்சு. சாகடிச்சது நான்."

பிஷப் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தார். விரலிடுக்கில் அது பொடிந்து உதிர்ந்தது. அவர் பையிலிருந்து சாவியை எடுத்து ஆர்டித்திடம் நீட்டினார். ஆர்டித் வாங்கிக்கொண்டார். வெர்லின் எதிரே போய் நின்றார். பிரதர் என்ற மரியாதையெல்லாம் போய்விட்டது.

"உப்பைத் தொடலைன்னு எனக்குத் தெரியும், வெர்ல். ஆனா நீ சொன்னேன்னதும், வெர்ல் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு என் கையையே நான் சந்தேகப்பட்டேன். எங்கம்மாவுக்கு வந்த மறதி எனக்கும் வந்துடுச்சுன்னு நெனச்சேன். பயந்துபோய் டாக்டர்கிட்ட தலையைக் காட்டிட்டு வந்தேன், தெரியுமா? வீட்டை வித்துட்டுத் தன்கூட வந்துடச் சொல்றா எம்மவ. நானும் சரின்னுட்டேன்."

வெர்ல் முழங்காலிட்டபடியே வாயெடுத்தார். மன்னிச்சிடுங்க என்று சொல்ல வேண்டும். அதே சொல்லைக் காலையில் அந்த அம்மா அவரிடம், சபை நடுவே, அழுதுகொண்டே சொல்லியிருந்தார். இப்போது அதைத் திருப்பிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.