கொழுந்து லோரி ஓட்டியவர்

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து லோரி ஓட்டியவர் ஒல்லியான, நெடுநெடுவென்ற மனிதர். லோரியை நிறுத்தும் இடமெல்லாம் வலது மூக்கைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, இடது மூக்கால் மூச்சை இழுத்துப் பார்ப்பார். அது அடைத்தே கிடக்கும். கைக்குட்டையில் ரத்தம் தெரியும். மூட்டை ஏற்றி இறக்கப் பக்கத்தில் உட்கார்ந்து போகும் நான் கதவோரமாக நகர்ந்துகொள்வேன். கேன்சர்தான், ஒட்டிக்கொள்ளும் என்று நானே முடிவுசெய்து, எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கே அவரை லோரியிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஈப்போ டவுன் ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் முடிந்து வந்தவர் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தார். கையில் டாக்டர் கொடுத்த தாள்.

"சதையக் கிள்ளி டெஸ்ட் பண்ணாங்கண்ணே. வெறும் கட்டிதானாம், கேன்சர் இல்ல. மூக்கு வழியாவே கேமரா விட்டு எடுத்துட்டாங்க. மூஞ்சில ஒரு வெட்டு இல்ல, பாருங்க. திரும்ப வளரலாமாம், அடிக்கடி போய்க் காட்டணும் லா."

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். அந்தத் தாளைப் படிப்பதுபோல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். வலித்ததா, வேலை திரும்பக் கிடைத்ததா என்று கேட்டிருக்கலாம்.

"நெசமாவே ஒட்டாதா?" என்றுதான் கேட்டேன்.

"ஒட்டாதுண்ணே. நீங்க பயந்தீங்கன்னு கிராணி சொன்னாரு. அதான் உங்களுக்காக அதையும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்தேன்."

குத்திக்காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. அதுதான் இன்றும் என்னைத் தின்கிறது.