இடது கையால் நீட்டியவர்

பர் துபாய் ஜிம்மில் எனக்குப் பயிற்சி தந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். கட்டையான உடம்பு, காளைக் கழுத்து. எதையும் இடது கையால்தான் நீட்டுவார். மரியாதை தெரியாத ஆள் என்று எனக்கு எரிச்சல்.

தொப்பையைக் குறைக்க வந்ததாகத்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உண்மையைச் சொன்னாத்தான் அதுக்கேத்த பயிற்சி தரலாம், அண்ணை. வலது தோள் எப்ப இருந்து நோகுது?"

"ரெண்டு மாசமா. கட்டட சைட்ல சாரம் ஏற முடியல. கம்பெனிக்குத் தெரிஞ்சா விசாவ கேன்சல் பண்ணி அனுப்பிருவாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, எங்கள் மேனேஜர் உள்ளே வந்தார். அவரும் இவரிடம்தான் பயிற்சி எடுக்கிறாராம்.

"எங்க ஃபோர்மேன் எதுக்கு வந்திருக்கார்?" என்று என்னைக் காட்டிப் பயிற்சியாளரிடம் கேட்டார்.

பயிற்சியாளர் என்னை ஒரு கணம் பார்த்தார். "தொப்பைதான் சார். வேற ஒண்டுமில்லை."

மேனேஜர் நகர்ந்ததும், தோளுக்கான பயிற்சியை இடது கையால் செய்து காட்டினார்.

"எனக்கு வலி வலது தோள்ல. வலது கையால காட்டுங்க" என்றேன்.

அவர் வலது கையைத் தூக்கினார்; அது மார்புக்கு மேல் எழவில்லை. ஜிம் முதலாளியின் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "சத்தம் போடாதேங்கோ அண்ணை, முதலாளி இருக்கிறார்."

அன்றுமுதல் அவர் இடது கையால் நீட்டியதையெல்லாம் நான் இரண்டு கைகளாலும் வாங்கினேன்.